“சம்ப்ல” என்று கேட்டு நான் செத்துப் பிழைத்த கதை

போன ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்ததுபோல ஒரு பாரம். வாயு என்று நினைத்து சோடா குடித்தேன். ஏப்பம் வரவில்லை, வேர்வைதான் கொட்டியது. இடது கை கழன்று விழுவதுபோல் வலித்தது. சபையில் எல்லாரையும் கிண்டல் செய்தே பேர் வாங்கிய நான், ஐம்பத்திரண்டு வயதில், வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து விம்மி அழுதேன்.

என் மனைவி ஜெயா ஓடிவந்து ஆட்டோவை நிறுத்தினாள். “ஆண்டவரே, தங்கராஜ் அண்ணனுக்கு ஆனது எனக்கு ஆகக் கூடாது.” வழியெல்லாம் நான் இதையே திரும்பத் திரும்ப ஜெபித்தேன்.

தங்கராஜ் அண்ணன் எங்கள் ஜெபக்குழுவில் பாட்டு நடத்தியவர். சில வருடங்களுக்கு முன் அவருக்கும் இதே வலி. இருதயத்துக்குள் குழாய் விட்டு அடைப்பு நீக்குகிற வசதி பக்கத்து டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் அன்று இல்லை. நகரத்துக்குள் கொண்டுபோகும் வழியில், டிராபிக்கிலேயே உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து அவர் மனைவி எஸ்தர் அக்காவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஜெபக்குறிப்பு: “நம்ம ஆஸ்பத்திரிக்கு அந்த மிஷின் வரணும்.”

ஒருநாள் நான் சும்மா இராமல், “அக்கா, நம்ம ஆண்டவர் தச்சு வேலை பார்த்தவரு. நாற்காலி கேளுங்க, தருவாரு. மிஷினுக்கெல்லாம் ஆர்டர் எடுப்பாரா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். அடுத்த வெள்ளியும் அதையேதான் கேட்டார்.

நான் ஏறிய ஆட்டோ பத்தே நிமிடத்தில் போய் நின்றது அதே ஆஸ்பத்திரியில். அங்கே அந்த மிஷினோடு கேத் லேப் திறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

பெரிய அடைப்பு, இப்போதே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். மணிக்கட்டு வழியாகக் குழாய் போனது. மரத்துப்போக ஊசி போட்டது கைக்கு மட்டும்தான். வாய் நன்றாக வேலை செய்தது. உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிறவன் நான். “இந்தக் கம்பியை டெஸ்ட் பண்ணீங்களா?” என்று இந்தியில் நச்சரித்துக்கொண்டே கிடந்தேன்.

அப்போதுதான் டெக்னீஷியன் என்னைக் குனிந்து பார்த்து மராத்தியில் சொன்னார்: “சம்ப்ல, காகா.”

இருபது வருடமாகப் புனேயில் இருந்தும் என் மராத்தி முழுக்க மளிகைக்கடை மராத்தி. காகா என்றால் சித்தப்பா, அது தெரியும். பால் தீர்ந்தால் கடைக்காரர் “தூத் சம்ப்ல” என்பார். ஆக, நான் தீர்ந்துவிட்டேன்!

உரத்த குரலில், தமிழில், பாவ அறிக்கை தொடங்கினேன். “ஆண்டவரே, எஸ்தர் அக்காவோட ஜெபத்தைக் கேலி பண்ணேன், மன்னியும். ஜெயாவுக்குத் தெரியாம தினமும் ரெண்டு வடாபாவ் தின்னேன், அதையும் மன்னியும்!”

தலைமாட்டில் நின்ற மலையாளி சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: “அங்கிள், கரையண்டா, அழாதீங்க. நீங்க தீரலை. பிளாக்குதான் தீர்ந்தது.”

வேலை முடிந்தது என்பதைத்தான் அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். நெஞ்சைக் கவனித்தேன். கல் இல்லை. மறுபடி அழுதேன். இந்த முறை வெட்கமே இல்லை.

சாயங்காலம் எஸ்தர் அக்கா வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்ன தம்பி, ஆர்டர் எடுத்தாரா?”

“எடுத்துட்டாருக்கா. டெலிவரியும் எனக்கே பண்ணிட்டாரு.”

தன் வீட்டுக்காரருக்குக் கிடைக்காத ஒன்றை மற்றவர்களுக்காக விடாமல் கேட்ட அந்த அக்கா எங்கள் குழுவில் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு அவ்வளவு பெருமை. அந்த டாக்டரையும் சிஸ்டரையும் அந்த டெக்னீஷியன் தம்பியையும் சொந்தக்காரர்கள்போல ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். சிஸ்டர் வாயிலிருந்து ஜெயாவுக்குச் செய்தி போனதால் வடாபாவ் மட்டும் நிஜமாகவே சம்ப்ல.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஜெபக்குறிப்புகளை எழுதுகிறவன் நான்தான். உங்கள் தேவை எதுவானாலும் தயங்காமல் அவரிடம் கேளுங்கள். என்னிடமும் கொடுங்கள். அது மிஷினாக இருந்தாலும் நான் சிரிக்காமல் எழுதிக்கொள்வேன்.