ஒக்கூர்ப் பக்கத்து ஆண்கொடி

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கேரளத்தில் ஆராய்ச்சி செய்யும் என் பழைய வகுப்புத் தோழி போன் செய்தாள். கடைகளில் பேஷன் ஃப்ரூட் என்று விற்கிறார்களே, அந்தப் பழத்தின் காட்டு உறவுகள் தென்மாவட்டங்களில் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று பதிவு செய்கிறார்களாம். சிவகங்கைப் பக்கம் நீ பார்த்துத் தருகிறாயா என்றாள். சரியென்றேன்.

என்னிடம் வண்டி இல்லை. என் நாத்தனாரிடம் ஸ்கூட்டர் இருந்தது. கணவரின் தங்கை; கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்ட் அருகே தையல் கடை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து போவேன். செடிகொடியில் அவளுக்கு அக்கறை கிடையாது. வீட்டைவிட்டு வெளியே போகக் கிடைத்ததே போதும் என்று வந்தாள்.

முதல் சில வாரங்கள் சிறுபூனைக்காலிதான் கண்ணில் பட்டது. பச்சை வலைக்குள் சின்னப் பழம் வைக்குமே, அந்தக் கொடி. பள்ளத்தூர் போகும் வழியில் ஒரு வேலியைக்கூட அது விட்டுவைக்கவில்லை. ஆனால் அது கடல் கடந்து வந்தது. நாங்கள் தேடியது அதே குடும்பத்தில் இந்த மண்ணுக்கே உரிய இன்னொன்றை. அடித்தண்டு பருத்திருக்கும், பூ சிறியது, வெளிறிய பச்சை. ஆண் பூ ஒரு கொடியிலும் பெண் பூ வேறொரு கொடியிலும் பூக்கும். பக்கத்தில் இரண்டும் இருந்தால்தான் சிவப்பாகக் காய்க்கும்.

ஒக்கூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், அய்யனார் கோயிலை ஒட்டிய முள்காட்டில் அதைக் கண்டது நாத்தனார்தான். செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"மதினி, இங்குட்டு வாங்க. நீங்க படத்துல காட்டுனது இதானா பாருங்க."

அதேதான். பூவைப் பிரித்துப் பார்த்தேன். ஆண். அதையும், காய்க்க வேண்டுமானால் பக்கத்திலேயே பெண்கொடி வேண்டும் என்பதையும் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இவ்வளவு கண்டிஷன் போடுற மாப்பிள்ளைக்கு நாம எங்குட்டுப் போயிப் பொண்ணு தேடுறது? இந்தப் பூவுக்கு இம்புட்டு அலைச்சலா?"

அதற்குப் பிறகு என்னைவிட அவளுக்குத்தான் தீவிரம். கோயில் பொறுப்பைப் பார்க்கும் பெரியவரிடம், இந்தக் கொடியை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒரு தண்டை வெட்டி வந்து மொட்டைமாடித் தொட்டியில் நட்டோம். பிடித்துக்கொண்டது. கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் முதலில் மாடிக்குத்தான் போவாள்.

பெண்கொடி கிடைக்கவில்லை. அதற்குள் அவளுக்கு அடிவயிற்றில் வலி வந்தது. உள்ளூர் மருந்துகள் கேட்காமல் மதுரைக்குக் கூட்டிப்போனபோது, கர்ப்பப்பையில் புற்றுநோய், பரவிவிட்டது என்றார்கள். அந்த ஆண்டு அடைமழைக் காலம் முழுவதும் நான் மதுரைக்கும் காரைக்குடிக்கும் பஸ்ஸில் அலைந்தேன். ஒருமுறை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கொடி அழுகியிருந்தது. அவள் கேட்டபோது, இலை விட்டிருக்கிறது என்றேன். நம்பினாளா தெரியவில்லை. தை பிறக்கும் முன்னே போய்விட்டாள்.

ஸ்கூட்டரை விற்றோம். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டிலேயே கிடந்தேன். தோழி இரண்டொரு முறை கூப்பிட்டாள், பிறகு அவளும் விட்டுவிட்டாள். அடுத்த ஆடியில்தான் நானாகப் பஸ் ஏறினேன். அந்த ஆண்கொடி பூத்திருக்கும் காலம்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கோயிலை நெருங்கியதும் வழி தவறிவிட்டேனோ என்று நினைத்தேன். முள்காடு இருந்த இடம் வெட்டவெளியாக இருந்தது. கோயிலைச் சுற்றிச் சிமெண்டுக் கல் பதித்து, கார் நிறுத்தத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நான் தரையையே பார்த்துக்கொண்டு சுற்றுவதைக் கண்டு பெரியவர் வந்தார்.

"என்னத்தா தேடுறீக?"

"இங்க ஒரு கொடி இருந்துச்சுங்க ஐயா."

"முள்ளும் பாம்புமால்ல கெடந்துச்சு. கும்பாபிஷேகத்துக்குச் சனம் வரணுமே. ஜேசிபிய விட்டு எடுத்துட்டோம்." சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "ஸ்கூட்டர்ல ஒரு பொண்ணோட வருவீகளே, நீங்கதான? அந்தப் பொண்ணு சொல்லுச்சு, வெட்டிராதீகன்னு. பெறகு நீங்க ரெண்டு பேருமே வரல. வேணாம்னு விட்டுட்டீகன்னு நெனச்சோம்."

நான் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன்.

"அது வரலையா இன்னைக்கு?"

"இல்லீங்க. தவறிப்போயிட்டா."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னை நிழலில் உட்காரவைத்து, அங்கே நின்ற ஒரு பையனிடம் சோடா வாங்கிவரச் சொன்னார். அந்த மனிதர்மேல் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. முடியவில்லை. சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சும்மா இருந்தால் அழுகை வந்ததால், மறுபடி ஞாயிறுதோறும் பஸ்ஸும் நடையுமாகப் போகத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு நாச்சியாபுரத்துக்கு அருகே, ஒரு புஞ்சையின் கிளுவை வேலியில் அதே இலையைக் கண்டேன். பூவைக் கிள்ளிப் பார்த்தேன். பெண். கொடி முழுக்கப் பூ, ஒரு காய்கூட இல்லை. புஞ்சைக்காரம்மா, "இது எந்நாளும் காச்சதில்லத்தா, சும்மா பூத்துக் கொட்டும்" என்றார்.

தோழியைக் கூப்பிட்டேன். வேறு மாவட்டத்தில் ஆண்கொடி இருக்கிறதா, மகரந்தம் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன்.

"இருக்கு, மலை அடிவாரத்துல. அங்கேருந்து கொண்டுவர்றதுக்குள்ள வீணாப்போயிடும். முயற்சி பண்ணலாம். ஆனா நம்பாதே" என்றாள்.

முயற்சி செய்தோம். பொட்டலத்தில் வந்ததைத் தூரிகையால் பூக்களில் தடவினேன். எல்லாம் உதிர்ந்தன. மறு ஆண்டும் அப்படியே.

தோழி தயாரித்த வரைபடத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி. ஒக்கூர்ப் பக்கத்தையும் போடச் சொன்னேன். இப்போது இல்லாததை எப்படிப் போடுவது என்று தயங்கினாள். பிறகு, அழிந்துபோன இடம் என்று வெற்று வட்டமாகப் போட்டாள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் நாத்தனாரின் பெயரைக் கொடுத்தேன்.

போன மாதம் நாச்சியாபுரம் போனேன். வேலியின் பெரும்பகுதியை எடுத்துவிட்டுக் கம்பி கட்டியிருந்தார்கள். கொடி இருக்கும் மூலையை மட்டும் புஞ்சைக்காரம்மா எனக்காக விடச் சொன்னாராம். அவர் மகன் நிலத்தை விற்கப் பேசிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். வாங்குகிறவர் யாரென்று கேட்டேன். இன்னும் முடிவாகவில்லை என்றார்.