கடைசி முறைத் தண்ணீர்

உதயகலா ஒரு வாய் தண்ணீரை வைத்துக்கொண்டு கிணற்றடியில் நிற்கிறாள். கன்னம் உப்பியிருக்கிறது, கண் பாதி மூடியிருக்கிறது. தண்ணீரை முதலில் இடப்பக்கம் ஒதுக்குவாள், பிறகு வலப்பக்கம், கடைசியாக அடிநாக்குக்குக் கொண்டுபோய் அங்கே சற்று நிறுத்துவாள். அதன் பிறகு பூவரச மரத்தடியில் துப்பிவிடுவாள். ஒரு சொட்டும் உள்ளே போகாது. கிணற்றுத் தண்ணீரில் உப்புச் சவர் ஏறிய வருடத்திலிருந்து அவள் இந்தத் தண்ணீரைக் குடிப்பதில்லை. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது.

உப்பை நாக்கால் அளக்கிற இந்தச் சோதனை முடியும்வரை பல் துலக்குவதும் இல்லை, தேநீரும் இல்லை. "பேஸ்ற் போட்டா நாக்குப் பொய் சொல்லும்" என்பாள். கணவர் தியாகலிங்கம் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவர். வெறும் கோப்பையோடு குசினி வாசலில் நின்று, "மற்ற வீடுகளிலை மனிசிமார் விடியத் தேத்தண்ணி தருவினம். இஞ்சை தண்ணி சோதினை பாஸ் பண்ணினாத்தான் எனக்குத் தேத்தண்ணி" என்று முனகுவார். அது அவள் காதில் விழும், ஆனால் வாயில் தண்ணீர் இருப்பதால் பதில் வராது. அவர் நிம்மதியாகக் கதைக்கக்கூடிய நேரம் அது ஒன்றுதான்.

வட்டுக்கோட்டைக்கு அப்பால், கடல்நீரேரிக் காற்று படுகிற தோட்டவெளியில் இருக்கிறது இந்தக் கிணறு. நாலு வீட்டுக்குப் பங்கு. இறைப்பு நாளில் அவரவர் மெசினைக் கொண்டுவந்து, குழாயை இறக்கி, முறைப்படி இறைக்க வேண்டும். விடியற்காலை முதல் முறை உதயகலாவுக்கு. பொழுதுபடும் நேரத்துக் கடைசி முறை, பக்கத்துத் தோட்டத்து ஆழ்வாப்பிள்ளைக்கு. இந்த மண்ணில் மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கஞ்சியில் ஆடை படிகிற மாதிரி, உப்புத் தண்ணீருக்கு மேலே தங்கி நிற்கிறது. மேலாக இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். அடியைக் கிண்டினால் சவர்தான் வரும்.

இது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போன வருடத்துக்கு முந்திய பங்குனி வெயிலில் கிணறு வற்றத் தொடங்கியபோது, யாரும் அதை நினைக்கவில்லை. குழாயை அடிக்கல்லில் முட்டும்வரை முதலில் நீட்டியவள் உதயகலா. மற்றவர்களும் பின்னாலேயே நீட்டினார்கள். சில கிழமைகளில் வெங்காயத் தாள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவு. அவள் வரம்பில் குந்தியிருந்து அழுதாள். அழுது முடித்த கையோடு எழும்பிப் போய் வேலியடியில் சண்டை பிடித்தாள்.

"உந்த மனிசன்ரை புது மெசின் கடலையே இழுத்துக் கொண்டுவந்திடும்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

ஆழ்வாப்பிள்ளை அறுபது கடந்தவர், சத்தம் போடத் தெரியாதவர். அவர் பீற்றூட் நட்டார். கடைசி முறைச் சவரைத் தாங்கி வளர அதற்குத்தான் தைரியம் இருந்தது. அறுவடைக்கு அறுவடை ஒரு பை நிறையக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் நீட்டுவார். "கொண்டுபோ பிள்ளை. உப்புப் போடத் தேவையில்லை, அவிச்சாச் சரி." உதயகலாவுக்குப் பீற்றூட் என்றாலே ஆகாது. வெங்காயம் விளைந்த மண்ணில் அதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். மறுக்கவும் முடியாமல் வாங்கி மாட்டுக்குப் போடுவாள். பிறகு மாடும் முகத்தைத் திருப்பத் தொடங்கியது.

உண்மையை அவளுக்குச் சொன்னது அவளுடைய நாக்குத்தான். ஒருநாள், இறைத்து முடிந்து குழாயைத் தூக்கும்போது, என்ன நினைத்தாளோ, தன் வாய்க்கால் தண்ணீரில் ஒரு வாய் அள்ளினாள். விடிய நன்றாக இருந்த அதே தண்ணீர் நன்றாகக் கரித்தது. ஆழ்வாப்பிள்ளையின் மெசின் அப்போது அவர் வீட்டுக் கொட்டிலில் சாக்குப் போர்த்திக் கிடந்தது.

இரண்டு நாள் அவள் தன் குழாயையே சுற்றிச் சுற்றி வந்தாள். தியாகலிங்கம் பயந்துபோய்த் தானே தேநீர் போட்டார். மூன்றாம் நாள், அரிவாளை எடுத்து அவள் தன் குழாயில் ஓர் ஆள் உயரத்துக்கு அறுத்து எறிந்தாள்.

"விசரே உனக்கு? தண்ணி கொஞ்சம் இறங்கினாலே மெசின் காத்தை இழுக்குமே!" என்றார் அவர்.

"இழுக்கட்டும். இழுத்தா நிப்பாட்டுவன். ஊறினாப் பிறகு இறைப்பன்."

சொன்னது சுலபம், செய்தது அப்படியில்லை. அந்தப் போகம் பாதி நிலத்தில்தான் அவளால் வெங்காயம் நட முடிந்தது. மீதி நிலம் சும்மா கிடந்து அவளைப் பார்த்தது. இரண்டாம் முறைக்காரன் கோபிசங்கர், "அக்கா, மிச்சக் குழாயைத் தாங்கோ, என்ரையிலை பொருத்துறன்" என்று பகிடி விட்டான். ஆனால் பாதி நிலத்து வெங்காயம் நுனி கருகாமல் நிமிர்ந்து நின்றதைக் கண்டதும் அவனுடைய பகிடி நின்றுவிட்டது. அடுத்த கிழமை அவனும் அறுத்தான். மூன்றாம் வீட்டு இரத்தினம்மாவும் முணுமுணுத்துக்கொண்டே அறுப்பித்தார். ஆழ்வாப்பிள்ளை மட்டும் அறுக்கவில்லை. அவரிடம் போய்க் கேட்க உதயகலாவுக்கு முகம் இல்லை. கத்தின வாயால் எப்படிக் கேட்பது?

பிறகு நல்ல மாரி ஒன்று பெய்தது. இந்தப் பங்குனியும் வந்தது. கிணறு இறங்கிற்று, ஆனால் பூவரசடியில் துப்பும்போது அவள் முகம் முன்போலச் சுளிக்கவில்லை.

ஒருநாள் பின்னேரம் வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போ."

அவள் போனாள். ஆழ்வாப்பிள்ளையின் மெசின் கிணற்றடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய குழாய் கட்டையாக, அறுத்த விளிம்போடு தண்ணீரின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அவள் அதைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"அண்ணை, அண்டைக்கு நான் கத்தினது பிழை. முதல் அடியைக் கிண்டினது என்ரை குழாய்தான்."

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அவர். "இப்ப நான் கேக்கிறது வேறை. சித்திரைக்கு வெங்காயம் நடலாமோ? கடைசித் தண்ணியைப் பாத்துச் சொல்லு. உன்ரை வாயை நம்ப ஏலாது, நாக்கை நம்பலாம்."

அவள் வாய்க்காலோரம் குந்தி ஒரு கை அள்ளினாள். இடப்பக்கம், வலப்பக்கம், அடிநாக்கு. கோபிசங்கர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். ஆழ்வாப்பிள்ளை, அவள் துப்புவதற்கு வசதியாக, ஒரு பக்கம் விலகிக்கொண்டார்.

உதயகலாவின் தொண்டை அசைந்து தண்ணீர் உள்ளே போனது. பிறகு நெற்றியில் விழுந்த மயிரை ஒதுக்கிவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து மறுபடி அள்ளினாள்.