டோசர் கடித்த கொம்பு

நாய்க்குக் கடிக்கக் கொடுக்கிற பொருள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று ஒரு காலத்தில் நான் முழுமனதாக நம்பினேன். கெட்டியானது தேயாது, தேயாதது உடையாது, உடையாதது தொண்டையில் சிக்காது. என் தத்துவம் முழுவதும் இவ்வளவுதான். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கு உபதேசமும் செய்திருக்கிறேன்.

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் புதிதாக ஒரு நாய் வளர்க்கிறாள். ஆன்லைனில் அதற்கு ஏதோ வாங்கியவள், எங்கள் வீட்டு முகவரியை மாற்ற மறந்துவிட்டாள். பிரித்தால் மஞ்சளாக ஒரு கட்டை. மலைநாட்டு மாட்டுப் பாலைத் திரியவைத்து, அழுத்தி, உலர்த்தியதாம். மூக்கருகே கொண்டுபோனேன். நெய் காய்ச்சிய சட்டியின் அடியில் கருகிப்போய் ஒட்டியிருக்குமே, அந்த வாசனை. அதற்கும் அடியில் லேசாக ஒரு மாட்டுக்கொட்டகை. அவ்வளவுதான், மனதால் நான் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் பின்வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன், ஒரு நாயின் வாயை இரண்டு கையாலும் பிளந்துகொண்டு.

அந்த நாயின் பெயர் டோசர். மகள் வைத்த பெயர், புல்டோசரின் சுருக்கம். நாட்டு நாய்க்கும் யாரோ ஒரு அதிகாரி வீட்டு வெளிநாட்டு நாய்க்கும் காம்பவுண்டு தாண்டிய காதலில் பிறந்தவன். பெரிய நாயும் இல்லை, சின்ன நாயும் இல்லை. தூக்கிக்கொண்டு நடக்கலாம், ஆனால் தெருமுனை வரைக்கும்தான். கடிப்பதில் மட்டும் அவன் பெரிய நாய். என் சேஃப்டி ஷூவின் இடது கால், நாற்காலியின் மூன்று கால்கள், யூனியன் தேர்தல் நோட்டீஸ்கள் (எல்லாக் கட்சியும், பாரபட்சம் கிடையாது), துவைக்கிற கல் ஓரம் காய்ந்த பிரஷ், எல்லாம் அவன் வாய்க்குள் போய் வந்தவை.

மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோது ஹாஸ்டல் வாசலில் நின்று எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அப்பா, டோசர் என் செருப்பக் கடிச்சாலும் திட்டாதீங்க. ஆனா கண்டதையும் குடுத்துடாதீங்க. பல்லு பத்திரம். பொங்கலுக்கு வந்து பாப்பேன்."

"நீ கவலப்படாத. பல்லப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?" என்றேன்.

அந்தத் திமிருக்குக் காரணம் என் உத்தியோகம். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டுகிற ராட்சத மெஷின் ஒன்று உண்டு. மாடி வீட்டு உயரத்தில் ஒரு சக்கரம், சக்கரத்தைச் சுற்றி வாளிகள், ஒவ்வொரு வாளியின் உதட்டிலும் இரும்புப் பற்கள். எங்கள் ஊர் செம்மண் பார்க்கத்தான் லட்சணம், உள்ளே போகப் போகப் பாறை. பற்கள் தேயும், உடையும். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். நான் அந்தப் பல் மாட்டுகிற ஃபிட்டர். தெருவில் எனக்குப் 'பல் டாக்டர்' என்றே பெயர். என் சொந்தப் பல்லின் கதை வேறு. இடது கடைவாயில் ஒன்று சொத்தையாகி, நரம்பை எடுத்து, ஓட்டையை அடைத்து, "மேல கேப் போட்டுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். வலிதான் போய்விட்டதே, கேப் எதற்கு என்று நானும் வலது பக்கமே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். மெஷினுக்கு என்றால் இப்படி விடுவேனா? அது கம்பெனிச் சொத்து.

ஆக, டோசருக்கு எளிதில் தேயாத ஒரு பொருள் தேட ஆரம்பித்தேன். முதலில் என் கண்ணில் பட்டது வாசலில் கிடந்த மிதியடி. நிலக்கரி சுமக்கும் ரப்பர் பெல்ட் கிழிந்து கழிக்கப்பட்டால், அதில் ஒரு துண்டு டவுன்ஷிப்பில் எந்த வீட்டு வாசலிலாவது மிதியடியாகக் கிடக்கும். மலை மலையாகக் கரி சுமந்த பெல்ட், ஒரு நாய்க்குத் தாங்காதா? ஒரு முழம் வெட்டிக் கொடுத்தேன். அரை மணியில் அதிலிருந்து நூல் நூலாக வந்தது. டோசரின் வாயிலிருந்து நான் நூலை இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது. தறியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அப்போது சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவர் கலியபெருமாள். என்னோடு அதே செக்‌ஷனில் வேலை. காடாம்புலியூர்க்காரர். முந்திரித் தோப்பும் இரண்டு பலாமரமும் உண்டு, வாயும் உண்டு.

"என்னா சார், நாய வெச்சி நூல் நூத்துகினு இருக்கிறீங்க?"

"கடிக்க ஏதாவது வேணும் கலியபெருமாள். சீக்கிரம் தீரக் கூடாது."

"அதுக்குன்னு ரப்பரா? இயற்கையா எதனா குடுங்க சார்."

இயற்கை என்றதும் கொல்லையில் ஒடித்துப் போட்டிருந்த முந்திரிக் கிளையை எடுத்தேன். கலியபெருமாள் பாய்ந்து பிடுங்கிவிட்டார். "முந்திரியா? பால் பட்டா வாயெல்லாம் வெந்து பூடும். எங்க வூட்ல மாடே கிட்ட போவாது."

ஞாயிற்றுக்கிழமைக் குழம்பிலிருந்து நல்ல எலும்பாக ஒன்றை எடுத்தேன். அதை என் மனைவி பிடுங்கினாள். "வெந்த எலும்பு ஊசி ஊசியா ஒடையுங்க. குடல்ல குத்துனா யாரு பதில் சொல்றது? அது நாயா, பொக்லைனா?"

கடைசியில் தீர்வு காடாம்புலியூரிலிருந்தே வந்தது. கலியபெருமாள் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையிலிருந்து ஒரு காய்ந்த மாட்டுக்கொம்பை எடுத்து நீட்டினார். "எங்க வூட்டு எருது கொம்பு சார். செத்து நாலு வருசம் ஆவுது. பரண்ல கெடந்து எலி தின்னுகினு இருக்குது. எலிக்குப் பதிலு நாய் தின்னட்டுமே."

கொம்பில் பழைய பொங்கலின் நீலப் பெயின்ட் இன்னும் இருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, வெந்நீரில் போட்டுக் கழுவினேன். தெரு முழுக்க முடி பொசுங்கிய நாற்றம். பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, கறியா?" என்றார். "இல்லீங்க, கொம்பு" என்றேன். அவர் அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இனிமேல்தான் நான் சொல்லக் கூச்சப்படும் இடம். சுரங்கத்தில் எந்த உதிரிபாகத்தையும் சோதிக்காமல் மாட்ட மாட்டோம். இந்தக் கொம்பை நாய்க்குக் கொடுக்கும் முன் யார் சோதிப்பது? யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பின்வாசலில் குத்துக்காலிட்டு, சாப்பாட்டுக்கு வேண்டிய பக்கத்தை விட்டு மறு பக்கத்தால் நானே கடித்துப் பார்த்தேன். பல் இறங்கவில்லை. முதல் தரம்! டோசரிடம் கொடுத்தேன். அவன் முன்னங்கால்களால் அதை அணைத்துக்கொண்டு கண்ணை மூடிய அழகைப் பார்க்க வேண்டுமே. நாற்காலிகள் பிழைத்தன. நான் வாராவாரம் கொம்பைக் கழுவி, கீறல் இருக்கிறதா பார்த்து, ஒரு கடி கடித்துச் சோதித்துத் திருப்பிக் கொடுப்பேன். ஒரு தடவை கடித்தபோது 'டக்'கென்று ஒரு சத்தம் வந்தது. பரவாயில்லை, டோசர் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக்கொண்டு வருகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் மதியம் முதல் ஷிப்ட் முடிந்து வந்தேன். மகள் அடுத்த நாள் காலை வருகிறாள். பின்வாசலில் டோசர் படுத்திருந்தான். கொம்புக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில், வெள்ளையாக ஒரு துண்டு. சோள முத்தின் அளவு. குனிந்து எடுத்தேன். பல்.

 அவள் கேட்டது ஒன்றே ஒன்று. பல் பத்திரம் என்றாள். டோசரை மடியில் கிடத்தி, வாயைப் பிளந்து, சுரங்கத்து டார்ச்சை அடித்து எண்ணினேன். முப்பத்தொன்பது வந்தது. மறுபடி எண்ணினேன். நாற்பத்து மூன்று. மூன்றாவது தடவை எண்ணும்போது அவன் என் மூக்கை நக்கினான், எண்ணிக்கை விட்டுப்போனது. நாய்க்கு மொத்தம் எத்தனை பல் என்பது எனக்குத் தெரியாது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விழுந்த பல்லைப் பாலில் போட்டு வைத்தால் திரும்ப ஒட்டவைக்கலாம் என்று எங்கோ கேட்டிருந்தேன். அடுப்படியில் இருந்த பால் டம்ளரில் போட்டேன். சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் என் மனைவி அந்த டம்ளரை எடுத்துக் காபி டிகாக்‌ஷன் பக்கம் சாய்க்கிறாள்.

"ஊத்தாத! அதுல பல்லு இருக்கு!"

அவள் டம்ளருக்குள் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபது வருட வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வை அதுவரை நான் வாங்கியதில்லை. "காபித்தூளும் போட்டுடவா?" என்றாள்.

பொங்கல் கரும்பு கொடுக்க வந்த கலியபெருமாள் அகப்பட்டுக்கொண்டார். முத்தாண்டிக்குப்பம் போகிற வழியில் ஒரு கால்நடை டாக்டரம்மா பார்ப்பதாகக் கேள்வி. ஸ்கூட்டரின் முன்பலகையில் டோசர், ஓட்டுவது நான், பின்னால் பால் டம்ளரோடு கலியபெருமாள். டவுன்ஷிப்பில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் வேகத்தடைக்குப் பஞ்சம் கிடையாது. ஒவ்வொன்றிலும் என் முதுகு நனைந்தது.

"மெதுவா போங்க சார், பல்லு நீந்துது."

"டம்ளர மூடிப் புடியா!"

"மூடிகினுதான் இருக்கிறேன். எங்க எருது உசுரோட இருக்கறப்பகூட என்ன இப்பிடிப் பாடு படுத்துல."

டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தபோது டம்ளரில் பல் மட்டும் இருந்தது, பால் என் சட்டையில் இருந்தது. என் மகளைவிட ஏழெட்டு வயது கூடுதல் இருக்கும் அவருக்கு. டோசரின் உதட்டைத் தூக்கி, ஒரு பக்கம், மறு பக்கம், அவ்வளவுதான், பார்த்து முடித்துவிட்டார்.

"நாப்பத்திரெண்டும் இருக்கு சார். ஒண்ணும் ஒடையல. என்ன கடிக்கக் குடுக்கறீங்க?"

பையிலிருந்து கொம்பை எடுத்துப் பெருமையோடு மேஜைமேல் வைத்தேன். அவர் தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டிவிட்டுக் கொம்பை என் பக்கம் தள்ளினார். "இதுல நகத்த அழுத்துங்க."

அழுத்தினேன். நகம் மடங்கியது.

"நகம் பதியற மாதிரி இருக்கணும் சார். நகம் பதியலன்னா பல்லு ஒடையும். வாய்க்குள்ள முழுசா போற சைஸ்ல இருக்கக் கூடாது. கடிச்சுக் கடிச்சு சின்னதானா புடுங்கிடணும். நீங்க பக்கத்துல இல்லாதப்ப குடுக்கவே கூடாது."

"அப்படி மெத்துனு குடுத்தா அரை மணியில தீந்துடுமேங்க? நாள்பட வர வேண்டாமா?"

"அரை மணி போதும் சார். அதுக்குக் கடிக்கணும், அவ்வளவுதான். நாள்பட வரணும்னு நீங்கதான் கேக்கறீங்க, அது கேக்கல."

நியாயம்தான். இருந்தாலும் என் கையில் ஆதாரம் இருக்கிறதே! டம்ளரை நீட்டினேன். "அப்ப இந்தப் பல்லு?"

அவர் அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உதட்டை இறுக்கிக்கொண்டார். "சார், இது உள்ள சிமெண்ட் வெச்சு அடைச்சிருக்கு பாருங்க. நெய்வேலியில நாய்க்குப் பல்லு அடைக்கறாங்களா?"

என் நாக்கு மெதுவாக இடது பக்கம் நகர்ந்தது. கூர்மையாக ஏதோ தட்டுப்பட்டது. கலியபெருமாள் என் முகத்தைப் பார்த்தார், கொம்பைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "சார்... எங்க வூட்டுக் கொம்ப... நீங்களா சார் கடிச்சிகினு இருந்தீங்க?"

மறுநாள் மகள் வந்தாள். டோசரின் வாயைத் திறந்து பார்த்தாள். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு என் வாயையும் திறக்கச் சொன்னாள். சுரங்கத்தில் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. அன்றிலிருந்து புது உதிரிபாகம் எது வந்தாலும், "அண்ணங்கிட்ட குடுங்கடா, கடிச்சுப் பாத்துடட்டும்" என்பதுதான் பேச்சு.

டோசருக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தடித்த பட்டையாக வெட்டி வெயிலில் காயவைத்துக் கொடுத்தோம். கறிக்கடையிலிருந்து ஆட்டுக்காதும் வாங்கி மொட்டைமாடியில் காயப்போட்டேன். "வத்தல் காயவெக்கற இடத்துல காது காயவெக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி. நகம் பதிகிறதா என்று அழுத்திப் பார்த்துத்தான் கொடுப்பேன். அவன் கடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த அரை மணி நேரங்களில் நாங்கள் இருவரும் நிறையப் பேசியிருக்கிறோம், பெரும்பாலும் நான்.

அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். எங்களுக்கு வேறு பிளாக்கில் வீடு. பழைய இடத்தில் இப்போது போய் நின்றால் பின்வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே பிடிபடுவதில்லை. கலியபெருமாள் ரிட்டயர் ஆகித் தோப்போடு இருக்கிறார். டோசர் போன வருடம் வயதாகி, ஒரு மத்தியான வெயிலில் படுத்தவன், எழுந்திருக்கவில்லை. அவனைத் தூக்கும்போது வாய் லேசாகத் திறந்தது. பற்கள் தேய்ந்திருந்தன, எல்லாம் இருந்தன.

பார்சலில் வந்த கட்டையை நகத்தால் அழுத்தினேன். பதியவில்லை. மகளுக்குப் போன் போட்டேன். "இது ரொம்பக் கெட்டிம்மா. நாய்க்குக் குடுக்க வேணாம், நானே திருப்பி அனுப்பிடறேன்."

 அவள் கேட்டாள். "அப்பா, கடிச்சுப் பாத்தீங்களா?"

கடிக்கவில்லை. கடித்துப் பார்க்க இடது பக்கம் பல் இல்லை.