இரைக்காத நாய்

என் மனைவிக்கு மூச்சிரைப்பு. கடைசி வருடம் முழுக்கக் கட்டிலிலேயே கிடந்தாள். பகலில் துணைக்கு ஒரு குட்டிநாய் வேண்டும் என்று கேட்டாள்.

நத்தம் ரோட்டில் நாய்க்குட்டி விற்பவரிடம் ஒரு கூண்டில் ‘பக்’ இனக் குட்டி, இன்னொன்றில் பொமேரியன். பக் என் விரலை நக்கியது. எனக்கு அதைத்தான் பிடித்தது.

“அது வேணாம்ணே, மூக்குச் சப்பை. நம்மூரு வெயிலுக்கு எந்நேரமும் இரைச்சுக்கிட்டே கெடக்கும்” என்றார் அவர்.

அந்தச் சத்தம் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. பொமேரியனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவள் அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “வேற நாய் இல்லையாங்க?” என்றாள்.

“பக் ஒண்ணு இருந்துச்சு.”

“அதை ஏன் விட்டுட்டு வந்தீங்க?”

வெயிலில் அலைந்து வந்த எரிச்சல். இந்த வாயைச் செருப்பால் அடிக்க வேண்டும். “அது எந்நேரமும் இரைச்சுக்கிட்டே கெடக்கு. யாரு அதைக் கேட்டுக்கிட்டுக் கெடக்குறது?” என்றேன்.

தடவிய கை நின்றுவிட்டது.

அதன்பின் இரண்டு மாதம்தான் இருந்தாள். நான் அறைக்குள் போகும்போதெல்லாம் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். வெளியே வந்து நான் கதவைச் சாத்திய பிறகுதான் அந்த இரைப்பு கேட்கும்.