கிடங்குத் தெருவில் ஒரு மன்னிப்பு

துபாயில், அல் கூஸ் கிடங்குத் தெருவில் டீ குடிக்க உட்கார்ந்திருக்கிறேன். கடை டிவியில் பாகிஸ்தானின் புகழ்பெற்ற அணு விஞ்ஞானி பேசுகிறார். அணுகுண்டுத் தொழில்நுட்பத்தை வெளிநாடுகளுக்குக் கொடுத்தது தன் தவறு என்று மன்னிப்புக் கேட்கிறார். அதற்கான சரக்கு துபாய் வழியாகத்தான் போயிருக்கிறது என்கிறது செய்தி.

என் மேசையில் இருக்கும் செல்வம் டீயைத் தொடவே இல்லை. முதுகுளத்தூர்க்காரர், கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.

"மெஷின் பார்ட்ஸுன்னு வர்ற பெட்டிய எல்லாம் நான்தாண்ணே தூக்கி வண்டில வைக்கிறேன். அதுல இதுவும் போயிருக்குமோ?"

"அது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும் செல்வம்?"

"தெரியாதுதான். ஆனா தூக்கி வச்சது நான்தானேண்ணே."

அவருக்குப் பக்கத்தில் பாகிஸ்தானின் பெஷாவரைச் சேர்ந்த லாரி டிரைவர் குல் பாய், திரையைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். செல்வத்திடம் இந்தியில் மெதுவாக ஏதோ சொல்கிறார். என்னவென்று கேட்கிறேன்.

"பையனுக்கு அந்தாளு பேரத்தான் வச்சிருக்காராம்ணே. இனி போன் போட்டா அவனை எப்படிக் கூப்பிடுறதுன்னு கேக்குறாரு."

வெளியே சூப்பர்வைசர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்துகிறார். இருவரும் எழுந்து, அடுத்த லோடு ஏற்றப் போகிறார்கள்.