புள்ளி வெக்காத பேரு

ஒரகடத்துல புள்ளி ஜீவான்னு கேட்டா எந்த டீக்கடையிலயும் கை காட்டுவாங்க. முழுப் பேரு ஜீவானந்தம். கம்பெனி பஸ்ஸு, கடை ஷட்டரு, காம்பவுண்டு சுவரு, எதுவா இருந்தாலும் லோகேஷ் பிரஷ்ஷைப் புடிச்சி எழுத்தை எழுதிக்கினே முன்னால போவான். ஜீவா பின்னாலயே வந்து ஷேடு குடுத்து புள்ளி வெப்பான். அதுவும் சும்மா உருண்டைப் புள்ளியா? கல்கண்டாட்டம் நாலு மூலையும் கூரா நிக்கும். "எழுத்தை எந்தப் பேமானியும் எழுதிடுவான். புள்ளி வெக்கிறவன் பொறந்து வரணும்"னு லோகேஷோட மூஞ்சிக்கு நேராவே ஜீவா சொல்லுவான்.

அந்த லோகேஷ்தான் சென்னைக்குப் போயி கேலிகிராஃபி ஆர்ட்டிஸ்ட் ஆயிட்டானாம். தூ! போர்டு எழுதறவனுக்கு வந்த வாழ்வைப் பாரு. ஜீவா இங்க காண்ட்ராக்ட்ல அட்டைப்பெட்டி ஒட்டினு கெடக்கறான். ஒரு பெட்டி கோணலா ஒட்டினாக்கூட சூப்பர்வைசர் பையன் வாடா போடாங்கறான்.

போன வாரம் லோகேஷ் போன் பண்ணான். "ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரேன்டா. உனக்கு ஒண்ணு கொண்டாறேன்."

ஜீவாவுக்குப் புரிஞ்சிபோச்சி. எங்கியோ பெரிய சுவரு வேலை மாட்டிக்கினு கீது. புள்ளிக்கு ஆளு இல்லாம தவிக்கறான். பிரஷ் செட்டோட வரான். ஞாயித்துக்கெழம ஓ.டி. வேலைய வாணாம்னுட்டு, பொண்டாட்டி பாஞ்சாலிய கோழி அடிக்கச் சொன்னான். "வரட்டும். நல்லா கெஞ்ச வுட்டுட்டுதான் ஒத்துக்குவேன்"னான். வாய்தான் அப்படிப் பேசிச்சி. இந்த வேலை கெடச்சா அட்டைப்பெட்டியத் தலைமுழுகிடலாம்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சி.

லோகேஷ் வந்தான். முழங்கால் வரைக்கும் ஜிப்பா, உச்சந்தலையில கொண்டை. கோயில் குருக்களுக்கும் இவனுக்கும் இன்னா சம்பந்தமோ! பட்டுத்துணி சுத்துன பெட்டியத் தொறந்தான். உள்ள பித்தளைப் புடி போட்ட இரும்பு ஆணி, ஒரு கட்டுப் பனை ஓலை, மை டப்பா.

"எழுத்தாணிடா! ஓலையில எழுதறது. ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குக் குடுக்கறான். கொஞ்சம் சிரிச்சிக்கினே வாங்கு, ரீல்ஸ் எடுக்கறேன்."

"சாக்கு தைக்கிற கோணூசிக்கு பட்டுத்துணி ஒரு கேடா?"ன்னான் ஜீவா. "அது கெடக்கட்டும், சுவரு வேலை எங்க?"

"சுவரா? இன்னும் அதையே புடிச்சினு தொங்கறியா? கம்பெனிக்கு வர்ற ஜப்பான்காரங்களுக்கு ஓலையில பேரு எழுதித் தரேன். சும்மா பிச்சிக்கினு போவுது."

"சரி. அதுல நான் புள்ளி வெக்கணுமா?"

லோகேஷ் விழுந்து விழுந்து சிரிச்சான். "ஓலைக்கு ஏதுடா புள்ளி? வெச்சா கிழிஞ்சிரும். அந்தக் காலத்துல எவனும் வெச்சதில்ல. ஒரே ஆளு போதும், அதான்டா இதோட அழகே!"

லோகேஷ் போற போக்குலதான் சொன்னான். சொல்லிட்டு கோழியை ரெண்டு வாட்டி வாங்கித் தின்னுட்டுக் கெளம்பிட்டான், தடிமாடு. ஒரே ஆளு போதுமாம். இத்தினி வருசம் அவன் பின்னாலயே நவுந்து நவுந்து வந்த ஜீவா யாரு? அப்பதான் ஜீவாவுக்கு அழுகை முட்டிக்கினு வந்திச்சி. பாஞ்சாலி பாத்துறப் போறான்னு துண்டால மூஞ்சியத் தொடச்சிக்கினான்.

பாஞ்சாலி ஓலைக்கட்டைப் பிரிச்சா. மேல் ஓலையில லோகேஷ் ஏதோ எழுதி, மை பூசி வெச்சிருந்தான். எழுத்துக்கூட்டிப் படிச்சா. "ஜீ...வா...ன...ந...த...ம. யாருய்யா இது? எந்த நாட்டுக்காரன்?"

ஜீவா ஓலையப் புடுங்கி முட்டி மேல வெச்சான். எழுத்தாணிய எடுத்து, 'ந' தலையில ஒரு குத்து. 'ம' தலையில ஒரு குத்து. ஓலை சர்ருனு பாதி வரைக்கும் கிழிஞ்சிது.

"இப்பப் படி."

பாஞ்சாலி கிழிஞ்ச ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா சேத்துப் புடிச்சா. "ஜீவானந்தம்."

"ஆங். அதான் நானு."