என் கைராசியும் ஒரு மஞ்சள் மூடியும்

என் அண்ணன் பொய் சொன்னான். ஏரிக்கரையில் ஊரே நின்று பார்க்க, என் கையைக் காட்டிச் சொன்னான். சொல்லும்போதே அது பொய் என்று அவனுக்குத் தெரியும்.

அது 1991. எங்கள் வீடு வடக்குப்பட்டில். அண்ணனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை. பஸ் இருக்கை, தண்ணீர்த் தொட்டி மூடி என்று எதையாவது அச்சில் வார்த்து எடுப்பார்கள். அங்கே வந்துபோகும் மெட்ராஸ்காரர் ஒருவர் துறைமுக ஏலத்தில் ஒரு ஜெட் ஸ்கி எடுத்திருந்தார். தண்ணீரில் ஓடுகிற மோட்டார் சைக்கிள் மாதிரி. ஆனால் உட்கார்ந்து ஓட்டுவதில்லை, நின்றுகொண்டு ஓட்டுவது. கைப்பிடியைத் தன் உயரத்துக்கு ஏற்ப நீளமாக்கி வைத்திருந்தார். என்ஜின் மூடி உடைந்துபோயிருந்தது. அதைப் பெரிதாக, காற்று போக இரண்டு மூக்கு வைத்துப் புதிதாகச் செய்து, வண்டி முழுவதற்கும் பெயின்ட் அடித்துத் தர வேண்டும். நன்றாக வந்தால் தன் கடற்கரை ஹோட்டலுக்கு வேண்டிய படகு வேலை எல்லாம் உனக்குத்தான் என்றார். அண்ணன் சொந்தமாகக் கொட்டகை போட்டுவிடலாம். பட்டறை முதலாளிக்குத் தெரியாமல் செய்ய வேண்டிய வேலை, அதனால் வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

இறக்கியதும் பக்கத்து வீட்டு அத்தை சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாடா இது, சீட்டக் காணோம்? அவ்ளோ பெரிய மனுசனுக்கு சீட்டு வாங்க வக்கில்லியா?"

"நின்னுகினே ஓட்றது அத்தே," என்றான் அண்ணன்.

"நின்னுகினு போறதுக்கு நம்ம வாலாஜாபாத் பஸ்ஸு போதாதா?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான். அந்த நாட்களில் அவன் நல்ல சந்தோஷமாக இருந்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வண்டியின் பழைய உடம்பைத் தேய்க்கிற வேலை எனக்கு. தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் நுனித் தோல் போய் குழம்பில் கை வைத்தால் எரியும். மூடியை அண்ணன் செய்தான். வார்த்தது அச்சில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சின் உள்பக்கம் மெழுகு தடவ வேண்டும். எங்கள் வீட்டுச் சிவப்புச் சிமென்ட் தரைக்குப் போட நான் வாங்கி வைத்திருந்த மெழுகு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"என் டப்பா எங்கே ணா?"

"தரை பளபளன்னு இல்லாட்டி உன்ன யாரும் கேக்கப் போறதில்ல. என் மூடி ஒட்டிக்கிச்சின்னா அவ்ளோதான்."

மூடி அச்சிலிருந்து வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. முகம் தெரிந்தது. அதையும் தேய்த்துவிடவா என்று உப்புத்தாளை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டான்.

"இன்னா வயவயன்னு கீது பாரு. இதப் போயி தேப்பாங்களா? அப்டியே அடிச்சிறலாம்."

வாலாஜாபாத் பஞ்சர் கடையிலிருந்து கம்ப்ரசர் வந்தது. புழுதி எழாமல் இருக்க வாசல் முழுக்கத் தண்ணீர் தெளித்தேன். அடிப்பூச்சுக்கான பிரைமரைக் கலந்ததும் ஸ்ப்ரே கன்னை அண்ணன் என்னிடம் நீட்டினான்.

"பாப்பா, மொதக் கை நீ வெய்யி."

எனக்குக் கைராசி என்று ஊரில் ஒரு பேர். வேர்க்கடலை விதைக்கும்போது முதல் பிடி போட என்னைக் கூப்பிடுவார்கள். புது அடுப்பைப் பற்றவைக்கக் கூப்பிடுவார்கள். அந்தப் பேரின் மேல் எனக்கு ஆசை உண்டு. படிப்பு இல்லை, அழகு என்று யாரும் சொன்னதில்லை, இது ஒன்றுதான் இருந்தது. கன்னை வாங்கிப் புது மூடியில் ஆரம்பித்து, கையை நிறுத்தாமல் பழைய உடம்பின் மேல் ஓட்டிக்கொண்டு போனேன். சாம்பல் நிறம் புகை மாதிரி போய்ப் படிந்தது. மீதியை அண்ணன் அடித்தான். மூடியில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. தூசி என்றான். அதன் மேலேயே இன்னும் கெட்டியாக அடித்து மூடினான். பிறகு மஞ்சள் பெயின்ட்.

மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த சமயம். மெட்ராஸ்காரர் வந்து ஓட்டிப் பார்த்தார். கரை முழுக்க ஜனம். அவர் நின்றபடி வளைத்து வளைத்து ஓட்ட, பையன்கள் விசில் அடித்தார்கள். கரைக்கு வந்து இறங்கியவர் மூடியைப் பார்த்தார். ஓரத்தில் மஞ்சள் தூக்கிக்கொண்டிருந்தது. நகத்தால் இழுத்தார். பால் ஆடை மாதிரி முழுசாக உரிந்து கையோடு வந்தது. பிரைமரும் சேர்ந்தே வந்தது. அடியில் அதே கண்ணாடிப் பளபளப்பு.

"என்னய்யா வேலை இது?" என்றார்.

அண்ணன் குனிந்து, உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தான். விரலை மோந்து பார்த்தான். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து என் பக்கம் கை நீட்டினான்.

"மொதக் கை தங்கச்சி வெச்சுதுங்க. கைராசின்னு நம்பிட்டேன்."

யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை சிரிக்கவில்லை, என் கையைப் பார்த்தாள். மெட்ராஸ்காரர் வண்டியை ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வரவே இல்லை.

அன்றைக்கு அண்ணன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவன் என் தலையைத் தொட்டு, "போனாப் போவுது வுடு பாப்பா," என்றான். மன்னித்தான். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் மன்னித்தான், நான் நன்றியோடு வாங்கிக்கொண்டேன். அவன் கொட்டகை போடாமல் போனதற்கு நான்தான் காரணம் என்று நம்பினேன். அவன் சட்டையை நான் தோய்த்தேன், மீன் குழம்பில் நடுத்துண்டை அவனுக்கு எடுத்து வைத்தேன். அவன் பட்டறையிலிருந்து களைத்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே குத்தும்.

விதை போட யாரும் கூப்பிடவில்லை. அது போகட்டும். அண்ணன் கல்யாணம் வந்தது. மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் தங்கை போட வேண்டியது. அம்மா வந்து, "நீ பின்னாடி நில்லுமே, பெரியம்மா பொண்ணு போடட்டும்," என்றாள். நான் சண்டை போடவில்லை. முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் சரிதான் என்றும் தோன்றியது. அவன் பிழைப்பைக் கெடுத்த கை, தாலியிலும் படவேண்டுமா என்று நானே நினைத்தேன். அதற்குப் பிறகு எதையும் முதலில் தொடுவதில்லை. என் சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியதுகூட என் வீட்டுக்காரரின் அக்காதான்.

ரொம்ப வருஷம் கழித்து, ஒரகடத்தில் கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனியில் தரை துடைக்கும் வேலைக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கையில் கிரீம் தடவிக்கொண்டு லைனுக்கு வந்துவிட்டாள். சூப்பர்வைசர் கத்தினார்.

"கிரீம், எண்ணெ, மெழுகு, எது பட்டாலும் பெயின்ட் நிக்காதும்மா! மொதல்ல குழி வுழும், அப்புறம் தோலு மாரி உரியும்!"

மாப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அப்போதுகூட எனக்கு முதலில் வந்த நினைப்பு, அன்றைக்கு நான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேனே என்பதுதான். பிறகுதான் அந்த வண்டியின் பழைய உடம்பு ஞாபகம் வந்தது. அதிலும் என் கைதான் பட்டது. நான் தேய்த்தது. அதில் ஒரு பொட்டு உரியவில்லை. உரிந்தது மூடி மட்டும். மெழுகு தடவிய அச்சிலிருந்து வந்து, துடைக்காமல், தேய்க்க விடாமல் அடித்த மூடி.

ஷிப்ட் முடிந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். சிரித்தான்.

"அது அப்பவே தெரியும்மே. மோந்து பாத்தேன் இல்ல? மெழுகு வாசன."

"தெரிஞ்சுமா என்னச் சொன்ன?"

"பின்ன இன்னா சொல்றது? மெழுகு தொடைக்காத வுட்டேன்னா அந்தாளு நேரா பட்டறைல போயி சொல்வான், இருந்த வேலையும் பூடும். கைராசின்னு சொல்ட்டா எவனும் மேல கேக்க மாட்டான். நீ அதப் போயி இவ்ளோ நாளா மனசுல வெச்சுகினு கீறியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போது அவன் மகனுக்குக் கல்யாணம். பத்திரிகை வைத்துவிட்டு, "மொத வரிசைல வந்து உக்காருமே," என்றான். அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யாதவன். அவன் கல்யாணத்தில் கலகம் பண்ணப் போகிறேனே என்று எழுதும்போதே குற்றமாக இருக்கிறது. பொய் சொன்னவன் நிம்மதியாகத் தூங்குகிறான், எனக்கு இன்னும் குறுகுறுக்கிறது. அவன் பழக்கிய பழக்கம் அது.

அண்ணா, மண்டபத்தில் மைக் இருக்கும். அன்றைக்கு ஏரிக்கரையில் நின்றவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் வருவார்கள், அத்தை உட்பட. உன் மகள் மூன்றாவது முடிச்சைப் போடுவதற்கு முன்னால், மைக்கை வாங்கி அவர்களிடம் சொல். அந்த மூடி எதனால் உரிந்தது? என் கையாலா, உன் மெழுகாலா? எனக்குத் தனியாகச் சொன்னது போதாது. அவர்கள் காது கேட்கச் சொல்.